பொருநைக் கரையும் துருவக் கடலும்: கருவி செய்தோர் பணி

வட இந்தியப் பெருங்கடல் வடக்கே ஆசியப் பெருநிலத்தால் அடைபட்ட கடல். ஆதலால் வட துருவத்தின் குளிர்நீர் அதனுள் நேராக வந்து சேர வழியில்லை. வெயில் மிகுந்த அதன் மேற்பரப்பு நீரும் ஆழத்துக்கு அமிழும் அளவுக்குக் குளிர்வதில்லை. ஆயினும், பொருநை எனப்படும் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அப்பால் மன்னார் வளைகுடா ஆழ்ந்து செல்லும் பகுதியில், மேற்பரப்பு நீர் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடு இருக்கும் அதே நேரத்தில், ஆயிரம் மீட்டர் ஆழத்து நீர் ஏறத்தாழ 7 டிகிரி அளவில்தான் இருக்கிறது. இன்னும் கீழே செல்லச் செல்லக் குளிர் மிகுகிறது. ஆழ்கடலின் அடித்தளத்தை நிரப்பியிருக்கும் அந்தக் குளிர்நீர் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் தோன்றியது. கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி தன்னுள் உப்பை ஏற்காமல் வெளித்தள்ளுகிறது; அவ்வாறு தள்ளப்பட்ட உப்பால் அடர்த்தி மிகுந்த நீர் அடித்தளத்துக்கு அமிழ்ந்து, மிக நீண்ட காலம் வடக்கு நோக்கி ஊர்ந்து, இந்தியப் பெருங்கடலின் ஆழ்படுகைகளை வந்தடைகிறது. ஆகவே துருவக் கடலைப் பற்றிய ஆராய்ச்சி, அந்த ஆறு பிறக்கும் பொதிகை மலையின் அடிவாரத்தில் வாழ்வோருக்குத் தொடர்பற்ற தொலைதூரச் செய்தி அன்று.

கடல்மட்டமும் இதே உறவைக் காட்டுகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் நீரில் இன்றைவிடக் கூடுதலான பங்கு வடபுலங்களிலும் துருவங்களிலும் பனிப்பாளமாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைய அளவினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; ஆழம் குறைந்த பாக் நீரிணை அன்று நிலமாக இருந்தது. இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை வேண்டும். பழம்பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் கடலைவிட்டு உள்ளே விலகிப்போனதற்குத் தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலே முதன்மைக் காரணமாகச் சொல்லத்தக்கது. அதைத் துருவப் பனியின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. கடற்கரையின் மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தைத் தேடும் பழக்கம் அறிவியலுக்கு உதவுவதில்லை.

இந்தியாவின் துருவ ஆராய்ச்சி 1981-இல் தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூலையில் கடல் வளர்ச்சித் துறை அமைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று, கடலுயிரியல் அறிஞரும் அத்துறையின் செயலாளருமான எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட குழு, ‘போலார் சர்க்கிள்’ என்ற வாடகைக்கு எடுத்த நார்வே கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கியது. 1983-84-இல் ஹர்ஷ் குப்தா தலைமையில் சென்ற மூன்றாம் பயணத்தில் ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையம் கட்டப்பட்டது. அந்தக் குழுவில் கடலியலாளர் அதிதி பந்த்தும் நிலவியலாளர் சுதிப்தா சென்குப்தாவும் இடம்பெற்றனர். கடலின் மேல் நீண்டு மிதக்கும் பனித்தட்டின்மீது அமைந்த அந்த நிலையம் சில ஆண்டுகளில் பனியில் புதைந்துபோக, பாறைத்தரையில் ‘மைத்ரி’ 1989-இலும், லார்ஸ்மன் குன்றுகளில் ‘பாரதி’ 2012-இலும் எழுந்தன. வடதுருவப் பகுதியில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திலுள்ள நி-ஓலசுண்டில், ‘ஹிமாத்ரி’ நிலையம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. இவை அனைத்தையும் நடத்துவது கோவாவில் 1998-இல் பி. சி. பாண்டேயை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பெற்ற நிறுவனம். இன்று அதன் பெயர் தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்.

இந்த வரலாறு பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. பயணத் தலைவர்களின் பெயர்களும் நிலையங்களின் பெயர்களும் பாடநூல்கள் வரை வந்துவிட்டன. ஆனால் கடலாராய்ச்சியில் ஒரு முடிவு எழுதப்படுவதற்கு முன், ஒரு கருவி நீருக்குள் இறங்கி, அங்கே பழுதாகாமல் நின்று, அளந்ததை மனிதர் கைக்குத் திருப்பித் தரவேண்டும். அந்தக் கருவியை வடிவமைத்தவர், அதைக் கப்பலிலிருந்து இறக்கியவர், ஓராண்டு கழித்து அதை மீட்டவர் ஆகியோரின் பங்கு அந்த வரலாற்றில் மிகச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. இவ்வுரையின் கருத்து, துருவக் கடல் திட்டத்தின் அறிவில் சரிபாதி அந்தப் பொறியாளர்களுடையது என்பதும், அவர்களுடைய தொழில்திறன் வெப்பக் கடலில், அதிலும் ஒரு பகுதி இந்தத் தென்பாண்டிக் கடலில், இடர்ப்பட்டு உருவானது என்பதுமாகும்.

சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1993 நவம்பரில் நிறுவப்பட்டது. அக்கழகத்தின் தொடக்ககாலப் பெருமுயற்சிகளில் ஒன்று, தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில், கடல்நீரின் வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒரு மெகாவாட் மிதவை நிலையம். மேற்பரப்பின் வெந்நீர், எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தை ஆவியாக்க, அந்த ஆவி சுழலியைச் சுழற்ற, ஆழத்திலிருந்து ஏற்றப்பட்ட குளிர்நீர் அதை மீண்டும் திரவமாக்க, இச்சுழற்சி ஓயாமல் நடைபெறும் என்பதே திட்டம். அதற்காக ‘சாகர் சக்தி’ என்ற மிதவைத் தளம் கட்டப்பட்டது. குளிர்நீரை ஏற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலிஎத்திலீன் குழாயைக் கடலில் செங்குத்தாக நிறுத்த வேண்டியிருந்தது. அலை ஒரு பக்கமும், கடலோரத்தார் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் ஒரு பக்கமும் இழுக்க, குழாயின் எடை கீழே இழுக்க, மேலே தளம் ஏறி இறங்க, அத்தகைய நீளமான ஒரு பொருளைக் கடலில் நிறுத்திய அனுபவம் நாட்டில் எவருக்கும் இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நடந்த முயற்சிகளில், இறக்கும் பணியின்போது குழாய் கைவிட்டுப் போயிற்று, மின்நிலையம் இயங்கவில்லை.

இதைத் தோல்வி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோர் உண்டு. அது நியாயமான மதிப்பீடு அன்று. அதே பொறியாளர் அணி, அதே அனுபவத்தைக் கொண்டு, லட்சத்தீவின் கவரட்டியில் ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீரை ஏற்றி, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் வடித்தெடுக்கும் நிலையத்தை 2005-இல் இயங்கச் செய்தது. ஆழத்தில் தொங்கும் பொருளின்மீது நீரோட்டம் எவ்வளவு விசை செலுத்தும், கயிறு எங்கே தேய்ந்து அறும், எடைக்கல்லை எந்த வேகத்தில் இறக்கவேண்டும் என்பவை நூலில் படித்துத் தேர்ச்சி பெறக்கூடிய செய்திகள் அல்ல. திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் வெளியே கற்ற அந்தப் பாடங்கள், பின்னர் ஆழ்கடல் கருவிகளை நிறுத்திய ஒவ்வொரு முயற்சிக்கும் அடித்தளமாயின.

அந்தக் கழகத்தின் இன்னொரு பிரிவு கடல் மிதவைகளை நிறுத்தும் பணியை மேற்கொண்டது. மிதவை என்பது கடலடியில் நங்கூரமிடப்பட்டு மேற்பரப்பில் நிற்கும் தானியங்கி அளவை நிலையம். காற்று, காற்றழுத்தம், அலை, நீரின் வெப்பம் முதலியவற்றை அளந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புவது. நார்வே அரசின் உதவியோடு 1990-களின் நடுவில் தொடங்கிய இத்திட்டத்தின் முதல் விளைவுகளைக் கே. பிரேம்குமார், எம். ரவிச்சந்திரன் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ரவிச்சந்திரன் பின்னர் ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையத்தில், ‘ஆர்கோ’ எனப்படும் உலகளாவிய மிதப்பான் வலையமைப்பின் இந்தியப் பகுதியை வளர்த்தெடுத்தார். ஆர்கோ மிதப்பான் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்து திரிந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பளவையும் அளந்துகொண்டே மேலெழுந்து, செய்தியை அனுப்பிவிட்டு மறுபடியும் அமிழ்வது. 2016-இல் அவர் கோவாத் துருவ மையத்தின் இயக்குநரானார். 2021-இல் புவி அறிவியல் அமைச்சகத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். வங்கக் கடலின் மிதவையில் தொடங்கித் துருவம் வரை சென்ற அவருடைய தொழில்வாழ்க்கை, இத்துறையில் வெப்பக் கடலும் உறைகடலும் ஒரே பள்ளியின் இரு வகுப்புகள் என்பதைத் தெளிவாக்குகிறது.

மிதவைப் பிரிவின் தலைவராக இருந்த ஆர். வெங்கடேசன் தலைமையிலான அணி, கழகத்தின் இயக்குநர் எம். ஏ. ஆத்மானந்த் காலத்தில் செய்து முடித்த பணியே இந்தியாவின் துருவக் கடற்பொறியியலில் தலையாயது. ‘இண்டார்க்’ எனப் பெயரிடப்பட்ட அந்தக் கருவித்தொடர், 2014 ஜூலை 23 அன்று, வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில், ஹிமாத்ரி நிலையத்தை அடுத்துள்ள கோங்ஸ்ஃபியோர்டு என்னும் கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டது. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிற்கும் நீண்ட கழியே ஃபியோர்டு எனப்படுவது. நார்வே துருவக் கழகத்தின் ‘லான்ஸ்’ என்ற ஆராய்ச்சிக் கப்பல் இப்பணிக்கு உதவியது.

வங்கக் கடலில் மிதவை நிறுத்தியவர்களுக்கு இது ஏன் புதிய சோதனையாயிற்று என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். வங்கக் கடலின் மிதவை மேற்பரப்பில் நிற்பதால் செயற்கைக்கோளோடு நாள்தோறும் பேசுகிறது. ஒரு உணரி பழுதானால் அன்றே சென்னைக்குத் தெரிந்துவிடும். கோங்ஸ்ஃபியோர்டில் பனியாற்று முகப்புகளிலிருந்து உடைந்து விழும் பனிப்பாறைகளும், உறையக்கூடிய மேற்பரப்பும், வெளியே தலைநீட்டும் எதையும் நொறுக்கிவிடும். ஆகவே தொடர் முழுவதும் நீருக்குள்ளேயே மறைந்திருக்க வேண்டும். நீருக்குள் வானொலி அலை செல்லாது. எனவே கருவி அளப்பதை யாரும் அன்றாடம் பார்க்க இயலாது. அடியில் எடைக்கல், அதிலிருந்து எழும் கயிறு, கயிற்றில் வெவ்வேறு ஆழங்களில் கட்டப்பட்ட உணரிகள், எல்லாவற்றையும் நிமிர்த்திப் பிடிக்கும் மிதப்பு உருண்டைகள், எடைக்கல்லுக்கு மேலே ஒலிக்குறிப்புக்குத் திறக்கும் ஒரு கொக்கி ஆகியவை சேர்ந்ததே அதன் அமைப்பு. ஓராண்டு கழித்துக் கப்பல் வந்து, குறித்த ஒலியை நீருக்குள் எழுப்பும்போது, கொக்கி திறந்து எடைக்கல்லை விட்டுவிட, மிதப்புகள் தொடரை மேலே கொண்டுவரும். அந்தக் கொக்கி திறக்கவில்லையென்றால் ஓராண்டின் அளவைகள் அனைத்தும் கடலடியிலேயே கிடக்கும். குளிரில் மின்கலத்தின் திறன் குறையும். 192 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் இருபது மடங்கு. வேனிலில் நுண்பாசி உணரியின் கண்ணை மூடும். இவை அனைத்தையும் முன்கூட்டியே எண்ணி, ஒருமுறை இறக்கினால் பன்னிரண்டு மாதம் தொடமுடியாது என்ற கட்டுப்பாட்டில், கருவியைச் சென்னையின் வெயிலில் சோதித்து அனுப்பினர். அடுத்த ஆண்டு, 2015-இல், தொடர் மீட்கப்பட்டு, தரவு இறக்கப்பட்டு, மீண்டும் நிறுத்தப்பட்டது.

அந்தத் தரவின் அருமை குளிர்காலத்தில் இருக்கிறது. அதற்கு முன் இந்திய ஆய்வாளர்களின் பணி பெரும்பாலும் சூரியன் மறையாத வேனில் மாதங்களில் நடந்தது. நான்கு மாத அளவுக்கு நீளும் துருவ இரவில் அந்தக் கழியின் நீர் என்ன செய்கிறது என்பது அவர்களுடைய ஏடுகளில் வெற்றிடமாக இருந்தது. அக்கழி அமைந்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறும் அட்லாண்டிக் வெந்நீர் ஃபியோர்டுக்குள் புகுவதும், அதனால் உறைதல் தடைப்படுவதும், வெப்பமும் உப்பும் எந்த ஆழத்தில் எந்த மாதத்தில் மாறுகின்றன என்பதும், ஆண்டு முழுவதும் நின்ற உணரிகளின் பதிவால் தொடர்ச்சியாக அறியக்கூடியவை ஆயின. முன்னாளில் குளிர்காலந்தோறும் பனியால் மூடிய அக்கழியின் பெரும்பகுதி, 2006-க்குப் பின் பல குளிர்காலங்களில் உறையாமலே இருந்துவருகிறது.

தென்துருவப் பக்கம் சென்னைக் கழகத்தின் ஆழ்கடல் பிரிவு வேறொரு கருவியைக் கொண்டுசென்றது. ஜி. ஏ. ராமதாஸ் வழிநடத்திய அந்தப் பிரிவு, கம்பி வழியாக இயக்கப்படும் ‘ரோசப்’ என்ற ஆளில்லா மூழ்கியை 2010-இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை இறக்கியிருந்தது. அதன் சிறிய தம்பி எனத்தக்க, 500 மீட்டர் வரை செல்லக்கூடிய துருவ மூழ்கி, 34-ஆவது அண்டார்க்டிகப் பயணத்தின்போது மைத்ரிக்கு அருகிலுள்ள பிரியதர்ஷினி ஏரியிலும் பனித்தட்டு ஓரத்துக் கடலிலும் இயக்கிப் பார்க்கப்பட்டது. பனிக்குக் கீழே மனிதர் இறங்குவது ஆபத்தான இடங்களில், ஒளிப்படக் கருவியும் உணரிகளும் தாங்கிச் செல்லும் இத்தகைய மூழ்கியே ஆய்வாளரின் கண்.

தென்பெருங்கடலை நீரளவில் ஆராயும் பயணங்கள் 2004-இல் ‘சாகர் கன்யா’ கப்பலில் தொடங்கின. 1983-இல் ஜெர்மனியில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் பனிக்கடலுக்கென அமைந்தது அன்று. ஆயினும் கடுங்காற்றுக்குப் பெயர்போன நாற்பதுகளின் அகலாங்குகளைக் கடந்து 56 டிகிரி தெற்கு வரை சென்று திரும்பியது. இத்தாலியில் கட்டப்பட்டு 2008-இல் சென்னைக்கு வந்த ‘சாகர் நிதி’ பனியைத் தாங்கும்படி உறுதி கூட்டப்பட்டது. அண்டார்க்டிகக் கடலில் 66 டிகிரி தெற்கை எட்டிய முதல் இந்தியக் கொடிக்கப்பல் அதுவே. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் உலகப் பெருங்கடல்கள் உட்கொள்ளும் பங்கில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டைத் தென்பெருங்கடல் ஒன்றே உட்கொள்வதாகக் கணிக்கப்படுகிறது. அந்தக் கணக்கின் நம்பகம், அலை பத்து மீட்டர் எழும் கடலில் கப்பலின் விளிம்பில் நின்று நீர்க்குப்பியை இறக்கி ஏற்றும் கைகளைப் பொறுத்தது.

திருநெல்வேலியின் சொந்தப் பங்கு கடலுக்குச் சற்று மேலே, காற்றுவெளியில் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில், சிற்பங்களால் புகழ்பெற்ற வெங்கடாசலபதி கோயில் உள்ள கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகம் அமைந்திருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்த வட்டாரத்துக்கு அருகே செல்வதே அவ்விடம் தேர்ந்துகொள்ளப்பட்டதற்குக் காரணம். உலகெங்கும் எந்நேரமும் எங்கோ இடிமழை பெய்துகொண்டிருப்பதால், மேல்வளிமண்டலம் மின்னேற்றம் பெற்று, மழையற்ற இடங்களில் அந்த மின்னோட்டம் மெல்ல நிலத்துக்கு இறங்குகிறது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு ஆம்பியரை லட்சம் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒன்றிரண்டு கூறுகளே அதன் அளவு. எஸ். குருபரன், சி. பன்னீர்செல்வம் முதலிய ஆய்வாளர்கள் இத்தனை நுண்ணிய மின்னோட்டத்தைக் கிருஷ்ணாபுரத்தில் அளந்தனர். பன்னீர்செல்வமும் உடன் ஆய்ந்தோரும் அதே அளவையை மைத்ரியிலும் செய்து கட்டுரைகளாக வெளியிட்டனர்.

இந்த அளவைக்கும் கடலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. காற்றுவெளி மின்புலம் நாளின் எந்நேரத்தில் உயரும், எந்நேரத்தில் தாழும் என்ற உலகப் பொது அளவுகோல், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்பைத் தவிர்த்துக் கட்டப்பட்ட ‘கார்னகி’ என்ற அமெரிக்க ஆராய்ச்சிக் கப்பல் நடுக்கடலில் எடுத்த அளவைகளிலிருந்து பெறப்பட்டது. இந்திய நேரப்படி நள்ளிரவை ஒட்டி அந்தப் புலம் உச்சத்தை அடைகிறது. நகரப் புகையும் தூசியும் இந்த அளவையைக் கெடுத்துவிடுவதால், தூய காற்றுள்ள நடுக்கடலும் துருவமும் இதற்கு ஏற்ற களங்களாகின்றன. நெல்வயல்களை அடுத்த ஓர் ஆய்வகத்தில் பழகிய கம்பியும் பெருக்கியும் அண்டார்க்டிகாவின் பனிக்காற்றில் உலகப் பொது அளவுகோலோடு ஒத்துப்பார்க்கப்பட்டன என்பதை, இம்மாவட்டத்து மாணவர் பலரும் அறியாமலிருப்பது வருந்தத்தக்கது.

துருவக் கடலின் மாற்றம் இந்தியப் பருவமழையைத் தொடுகிறதா என்ற வினாவுக்கு விடை தேடும் பணியும் நடந்துவருகிறது. ரவிச்சந்திரன் உள்ளிட்ட இந்திய, நார்வே ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ரஷ்யாவுக்கு வடக்கிலுள்ள காரா கடலில் கோடைப் பனி குறையும் ஆண்டுகளுக்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் பெய்யும் பெருமழைகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று காட்டியது. ‘இருக்கக்கூடும்’ என்பதே அவ்வாய்வாளர்கள் தேர்ந்த சொல். அதை ‘இருக்கிறது’ என்று மாற்றிச் சொல்லும் உரிமை வேறெவருக்கும் இல்லை. மேலும், தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மழைக்கணக்கு வேறானது. பொதிகையின் உச்சி தென்மேற்குப் பருவத்திலும் நீர் பெற, சமவெளியும் கடற்கரையும் வடகிழக்குப் பருவத்தையே நம்பியிருக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, திருவைகுண்டம், ஏரல் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கிய பேரிடரைத் துருவப் பனியோடு முடிச்சிடுவதற்கு இந்த ஆய்வு இடம் தரவில்லை. அத்தகைய மழையை முன்னறிவிப்பதற்கு முதலில் வேண்டியது மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் மேலும் செறிந்த அளவை; அதைச் செய்யப்போவதும், துருவத்தில் கருவி நிறுத்தியவர்களின் தொழில்தான்.

கடலில் நிற்கும் மிதவைகளுக்கு மனிதரால் வரும் சேதமும் ஒரு கவலை. படகைக் கட்டுவதற்கும், நிழலில் கூடும் மீனைப் பிடிப்பதற்கும் மிதவையை அணுகும்போது அதன் உணரிகளும் கயிறும் பழுதாகின்றன. வெங்கடேசன் அணியினர் மீனவரிடையே இதுபற்றிப் பலமுறை விளக்கிப் பேசினர். புயல் எச்சரிக்கை யாருடைய உயிரைக் காக்கிறதோ, அவர்களே கருவியின் காவலராக இருக்கவேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அன்று.

இந்தியாவுக்கு இன்றுவரை பனியுடைத்துச் செல்லும் சொந்தத் துருவ ஆராய்ச்சிக் கப்பல் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அண்டார்க்டிகப் பயணங்கள் பெரும்பாலும் வாடகைக் கப்பல்களிலேயே நடக்கின்றன. வாடகைக் கப்பலின் கால அட்டவணை ஆய்வின் கால அட்டவணையாகிவிடுகிறது. 2025 ஜூனில், கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம், அத்தகைய கப்பலை இந்தியாவிலேயே கட்டுவதற்காக நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு ஆஸ்லோவில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. கப்பல் கட்டப்பட்டு வரும்போது, அதன் ஆய்வகங்களில் நிற்கவும், கயிற்றையும் மின்கலத்தையும் உணரியையும் அறிந்து கையாளவும் இளையோர் தேவைப்படுவர். முதல் அண்டார்க்டிகப் பயணம் புறப்பட்ட அதே 1981-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகளும், தம் மாணவரைக் கிருஷ்ணாபுரத்து ஆய்வகத்துக்கும் பள்ளிக்கரணைப் பட்டறைக்கும் ஆண்டுதோறும் அழைத்துச் செல்லவேண்டும். கருவி செய்வதைக் கோட்பாட்டுக்கு அடுத்த படியாக எண்ணாமல், அதற்கு நிகரான கல்வியாகவே பாடத்திட்டத்தில் வைக்கவேண்டும்.